தூங்கும் தர்மப் பணம்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மேயராக இருந்த பிரையன் முல்லன்ஃபி 1851இல் இறந்தார். தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை, மேற்கே குடியேறப் போகும் வழியில் அந்த ஊருக்கு வந்து சேரும் ஏழைப் பயணிகளுக்காக எழுதி வைத்திருந்தார். ரயில் வந்தது, குடியேற்ற அலை ஓய்ந்தது. பணம் மட்டும் வாங்க ஆளின்றிக் குவிந்தது.

இப்படி முடங்கும் தர்மங்களுக்கு வழி கண்டவர் ஒரு வங்கிக்காரர். கிளீவ்லேண்ட் டிரஸ்ட் கம்பெனியின் தலைவர் ஃபிரெடரிக் காஃப். 1914இல் அவர் தொடங்கிய கிளீவ்லேண்ட் ஃபவுண்டேஷன்தான் உலகின் முதல் சமுதாய அறக்கட்டளை. ஏற்பாடு எளிது. ஊரார் பலர் தரும் பணம் ஒரே இடத்தில் சேரும். முதலீட்டை வங்கி பார்த்துக்கொள்ளும். யாருக்கு உதவுவது என்பதை ஊர்ப் பெரியவர்கள் அடங்கிய குழு முடிவுசெய்யும். கொடுத்தவர் சொன்ன நோக்கம் காலாவதியானால் பணத்தை வேறு நல்ல காரியத்துக்குத் திருப்பும் அதிகாரமும் குழுவுக்கு உண்டு.

கொடுப்பவருக்கும் இதில் சௌகரியம் அதிகம். தனி டிரஸ்ட், ஆடிட்டர், ஆபீஸ் என்ற தொல்லை இல்லை. நிதிக்குத் தாயார் பெயரை வைக்கலாம். அமெரிக்காவின் 1969 வரிச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்குக் கடிவாளம் போட்டது. பொது நிறுவனங்களாகக் கருதப்படும் சமுதாய அறக்கட்டளைகளுக்குத் தந்தால் வரிச்சலுகை கூடுதல். அங்கே அவை நூற்றுக்கணக்கில் பெருகின. மும்பையிலும் 1991இல் பாம்பே கம்யூனிட்டி பப்ளிக் டிரஸ்ட் உருவானது.

ஆனால் பழைய நோய் வேறு உருவில் திரும்பியிருக்கிறது. பணத்தைக் கொடுத்துவிட்டு, அது யாருக்குப் போகலாம் என்று அவ்வப்போது யோசனை சொல்லும் முறையை 1931இல் நியூயார்க் கம்யூனிட்டி டிரஸ்ட் கொண்டுவந்தது. இன்று பணக்காரர்களுக்குப் பிடித்தது இதுதான். வரிச்சலுகை பணம் போட்ட ஆண்டே கிடைத்துவிடும். ஏழைக்கு எப்போது போய்ச் சேரும் என்பதற்குக் கெடு இல்லை. தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் சொத்தில் சுமார் 5 சதவீதத்தைச் செலவிட்டாக வேண்டும். இந்தக் கணக்குகளுக்குச் சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது.

கணக்கு சில ஆண்டுகள் சும்மா கிடந்தால் தாங்களே எடுத்து விநியோகிப்போம் என்று பல சமுதாய அறக்கட்டளைகள் விதி வைத்திருக்கின்றன. கொடுக்க நினைப்பவர் வரிச்சலுகையை விசாரிக்கும்போதே இந்த விதி உண்டா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. முல்லன்ஃபியின் பணம் காத்துக் கிடந்ததற்கு அவர் உயிரோடு இல்லை என்ற காரணமாவது இருந்தது.