வெள்ளன வெளிக்கிடுற சனம்

கொஞ்சக் காலத்துக்கு முந்தி டிக்டொக்கில் "எயார்போட் தியரி" எண்டு ஒண்டு சுத்தினது. போர்டிங் முடியப் பதினைந்து நிமிசம் இருக்க எயார்போட்டுக்குள் நுழைந்தாலும் பிளைட்டைப் பிடிக்கலாம், அதுக்கு முந்திப் போறவன் எல்லாம் பயந்தாங்கொள்ளி என்பதுதான் தியரியின் சுருக்கம். 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் பரவின விளையாட்டு. அதைப் பார்த்துவிட்டு எங்கட வயசு ஆக்களுக்கும் வாயில் ஒரு பகிடி வந்துவிட்டது. தமிழ் அப்பாமார் ஆறு மணித்தியாலம் முந்திச் சூட்கேஸைத் தூக்குகினம், அம்மாமார் முதல்நாளே சப்பாத்துப் போடுகினம், எங்கட சனத்துக்கு நேரத்தைப் பற்றி ஒரு அறிவும் இல்லை. சிரிக்கலாம். நானும் சிரிக்கிறனான். ஆனால் இந்தப் பகிடிக்குள் ஒரு பொய் இருக்கு, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இதே பகிடிக்குப் படித்த ஆக்களின் வடிவமும் உண்டு. 1982-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற சிக்காகோப் பேராசிரியர் ஜோர்ஜ் ஸ்டிக்லரின் பேரில் ஒரு கூற்று உலாவுகிறது. வாழ்க்கையில் ஒரு பிளைட்டையும் தவறவிடாதவர் எயார்போட்டில் காத்திருந்தே நேரத்தை வீணடித்திருக்கிறார் என்பது அதன் கருத்து. கணக்காகப் பார்த்தால் சரிதான். காத்திருக்கிற நேரத்துக்கு ஒரு விலை, தவறவிடுறதுக்கு ஒரு விலை, இரண்டையும் நிறுத்துப் பார் என்கிறார். பிரச்சினை தராசில் இல்லை. இரண்டாவது தட்டில் யார் என்ன வைக்கிறார்கள் என்பதில்தான் இருக்கு. சிக்காகோப் பேராசிரியர் ஒரு பிளைட்டை விட்டால் அடுத்ததில் ஏறுவார். கூட்டத்துக்குப் பிந்திப் போனால் மன்னிப்புக் கேட்பார். வெள்ளவத்தையில் ஒரு பெடியன் விட்டால் என்ன நடக்கும்?

முதலில் இடத்தைப் பார்ப்பம். அமெரிக்காவில் அந்த விளையாட்டை விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் உள்நாட்டு பிளைட், ஒரு கைப்பை, போனில் போர்டிங் பாஸ் என்று போகிறவர்கள். கட்டுநாயக்காவில் எங்களுக்குக் கிடைப்பது அதுவல்ல. வாசலிலேயே பைகளை ஸ்கேன் பண்ண ஒரு கியூ, கவுண்டரில் ஒரு கியூ, குடிவரவு குடியகல்வில் ஒரு கியூ, கேற்றுக்குப் போக முதல் இன்னொரு சோதனை. வேலைக்குப் போகிறவராக இருந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவையும் காட்டவேண்டும். சர்வதேச பிளைட்டுக்குப் பொதுவாக ஒரு மணித்தியாலம் இருக்க கவுண்டரைப் பூட்டிவிடுவார்கள். பூட்டினது பூட்டினதுதான். நீங்கள் வாசலில் நின்று அழுதாலும் பிளைட் இன்னும் ஓடுபாதையில் நிற்கும், உங்களுக்குத்தான் அது போய்விட்டது. ஆகவே ரிக்கெற்றில் இருக்கிற நேரம் நீங்கள் பிடிக்கவேண்டிய நேரமே இல்லை. அதிலிருந்து ஒரு மணித்தியாலத்தைக் கழித்து வருவதுதான் உண்மையான நேரம்.

இப்ப வீதியைப் பார்ப்பம். கொழும்பு–கட்டுநாயக்கா அதிவேகப் பாதை 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. நீளம் 25.8 கிலோமீற்றர். அதுக்கு முதல் வத்தளை, ஜாஎல, சீதுவை என்று நீர்கொழும்பு வீதியில் ஒவ்வொரு சந்தியையும் கும்பிட்டுக்கொண்டு போகவேண்டும். 2021 நொவெம்பரில் களனி ஆற்றுக்கு மேல் புதுப் பாலமும் வந்தது. பேலியகொடையில் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் எயார்போட் என்று தைரியமாகச் சொல்லலாம். "இப்பதானே ஹைவே இருக்கு, இன்னும் என்னத்துக்குப் பயம்?" என்று கேட்கிறவர்கள் இந்த 25.8 கிலோமீற்றரை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

ஆனால் எங்களில் ஒருவரும் பேலியகொட இன்டர்சேஞ்சில் குடியிருக்கவில்லை. வெள்ளவத்தையில் இருந்து அங்கே போக இன்னும் பத்துக் கிலோமீற்றர் அளவு நகரத்தைக் கடக்கவேண்டும். காலி வீதியால் போகிறதா, மரைன் ட்ரைவால் போகிறதா, பொரளைக்கு ஏறி பேஸ்லைன் வீதியைப் பிடிக்கிறதா என்று வீட்டில் ஒரு பாராளுமன்றமே நடக்கும். இரவு பன்னிரண்டுக்கு அரை மணித்தியாலம் போதும். பின்னேரம் ஐந்தரைக்கு, மழையும் சேர்ந்தால், அதே தூரத்துக்கு ஒரு மணித்தியாலமும் போகலாம், ஒன்றரையும் போகலாம். கொட்டாஞ்சேனைக்காரருக்குத் தூரம் அதில் பாதிதான். ஆனால் துறைமுகத்துக் கொள்கலன் லொறிகளுக்குப் பின்னால் மாட்டுப்பட்டவருக்குத் தெரியும் அந்தப் பாதியின் அருமை. ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள், ஆடிவேல், ஒரு ஊர்வலம், ஒரு ஆர்ப்பாட்டம், ஒரு பெரிய ஆள் போகிறதுக்காக மறிக்கிற வீதி, இதில் எது வந்தாலும் கூகிள் மப் சொன்ன நிமிசக் கணக்கு சரிந்துவிடும்.

அதிவேகப் பாதை எங்களுக்கு மிச்சம் பிடித்துத் தந்தது நிச்சயமான பகுதியை. நிச்சயமில்லாத பகுதி அப்படியே நகரத்துக்குள் கிடக்கிறது. சராசரியாக ஒன்றேகால் மணித்தியாலம் என்று சொல்வதில் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒருவரும் சராசரி நாளில் பயணம் போவதில்லை. ஒரு குறிப்பிட்ட திகதியில், ஒரு குறிப்பிட்ட மழையில், ஒரேயொரு தடவைதான் போகிறோம். ஆகவே கூடாத நாளுக்குக் கணக்குப் பார்க்கிற அப்பாவைப் பார்த்து "நேர அறிவு இல்லை" என்று சொல்வதுதான் அறிவில்லாத பேச்சு.

இதைவிடத் தூரத்தில் இருக்கிறவர்களையும் யோசியுங்கோ. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. நல்லது. ஆனால் அங்கிருந்து பறப்பது இந்தியாவுக்குத்தான். லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ டோஹாவுக்கோ போகிற யாழ்ப்பாணத்து ஆள் நானூறு கிலோமீற்றர் அளவு தெற்கே வந்து, வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டிலோ லொட்ஜிலோ ஒரு இரவு கிடந்துதான் கட்டுநாயக்காவுக்கு வெளிக்கிடவேண்டும். அவர் ஆறு மணித்தியாலம் முந்தி இல்லை, ஒன்றரை நாள் முந்தி வெளிக்கிட்டவர்.

லொட்ஜ் என்று சொன்னதால் ஒரு திகதியையும் சொல்லவேண்டும். 2007 ஜூன் 7. விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளுக்குள் பொலிஸ் நுழைந்து 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியது. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. அந்த லொட்ஜுகளில் இருந்தவர்கள் யார்? மருந்துக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், விசாவுக்கும் பயணத்துக்கும் காத்திருந்தவர்கள். அதாவது எயார்போட்டுக்குப் போகிற வழியில் இருந்தவர்கள். கையில் கடவுச்சீட்டும் நெஞ்சில் ஒரு திகதியும் வைத்திருந்தவரை எதிர்த்திசையில் ஏற்றி அனுப்பின நாடு இது. எங்களில் பலர் அப்ப பாலர் வகுப்பு, சிலர் பிறந்தும் இராது. எங்கட அம்மா அப்பாமார் அப்படியில்லை.

2001 ஜூலை 24 கட்டுநாயக்காத் தாக்குதலுக்குப் பிறகு அந்த வழி எப்படி இருந்தது என்று அவர்களைக் கேளுங்கோ. செக்பொயின்றுக்கு மேல் செக்பொயின்ற். பஸ்ஸில் போனால் அவேரிவத்தையில் இறங்கி மாறவேண்டும். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு "இறங்கு" என்றால் இறங்கவேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்கவும் ஏலாது. 2007-இல் வான் தாக்குதலுக்குப் பிறகு கொஞ்சக் காலம் எயார்போட்டே இரவில் பூட்டிக் கிடந்தது. இப்படியான ஒரு வழியில் ஆறு மணித்தியாலம் என்பது மூடத்தனமா? வெறும் அனுபவம் சொல்லித்தந்த பெருக்கல்.

"அது அந்தக் காலம், சண்டை முடிஞ்சுது" என்று சொல்லப் போகிறீர்கள். சரி, எங்கட காலத்தை எடுப்பம். 2019 உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடையில் குண்டு வெடித்த அன்றே ஊரடங்கு. எயார்போட்டுக்குப் போகிறவர் ரிக்கெற்றையே பாஸாகக் காட்டிப் போகவேண்டி வந்தது. 2020-இல் கொரோனா ஊரடங்கு. 2022-இல் முதலில் ஊரடங்கு, பிறகு பெற்றோல் இல்லை. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கமே அறிவித்தது. 2024-இல் கடவுச்சீட்டு எடுக்கப் பத்தரமுல்லயில் இரவிரவாகச் சனம் றோட்டில் படுத்துக் கிடந்தது. சண்டை முடிந்து பிறந்த பிள்ளைக்கும் இந்த நாடு சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: வெள்ளன வந்து நில். அந்தப் பாடத்தைப் படித்த சனத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிசம் போதும் என்று சொல்ல ஒரு தைரியம் வேணும்.

திரும்பவும் தராசுக்கு வருவம். ஒற்றை நுழைவு விசாவோடு படிக்கப் போகிற மாணவனுக்கு, பதிவு செய்யவேண்டிய கடைசித் திகதி நாளைக்கு. குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகிற கொட்டாஞ்சேனை அக்காவுக்கு, ரிக்கெற் ஏஜென்சிக்காரன் போட்டது. தவறினால் அந்தக் காசு அவளின் கடனில் சேரும். காசு திரும்பாத மலிவு ரிக்கெற் எடுத்தவர்கள்தான் எங்களில் முக்கால்வாசி. மாற்றி ஏற ஒரு இடம், அங்கே இன்னொரு பிளைட், ஒன்று போனால் எல்லாம் போச்சு. பிளைட்டைத் தவறவிடுகிறதை ஒரு பகிடிக் கதையாகப் பிறகு சொல்ல முடிகிறவர், அதற்குரிய காசையும் கடவுச்சீட்டையும் ஏற்கெனவே வைத்திருக்கிறார். "எயார்போட் தியரி" ஒரு துணிச்சல் விளையாட்டு என்று நினைக்காதேங்கோ. அது ஒரு வர்க்கத்தின் வசதி.

இவ்வளவும் சொன்னதால் பெரிய ஆக்கள் செய்கிறது எல்லாம் சரி என்றாகாது. ஆறு மணித்தியாலம் முந்திப் போனால் கவுண்டரே திறந்திருக்காது. அது திறக்கிறதுக்கு முந்திப் போய் நிற்கிற ஒவ்வொரு நிமிசமும் பாதுகாப்பைக் கூட்டாது, களைப்பைத்தான் கூட்டும். இராகு காலம் பார்த்து வெளிக்கிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வீட்டுக் கலண்டரில் இராகு காலம் காலை ஏழரைக்கும் பின்னேரம் ஆறுக்கும் இடையில்தான். பிளைட் இரவு இரண்டு மணிக்கென்றால் இராகுவுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. ஒருவரை வழியனுப்ப ஒரு வேன் நிறையப் பதினான்கு பேர் வேணுமா என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. எல்லாத்துக்கும் மேலாக, இந்த வெள்ளனத்தின் விலையை வீட்டில் யார் கட்டுகிறார்கள்? இரவு பத்துக்கு வெளிக்கிட, பின்னேரம் நாலுக்கே சமைத்து, புட்டை அவித்துக் கட்டி, மிளகாய்த்தூளை மூன்று பையில் சுற்றி, தராசில் நிறுத்து, திரும்பப் பிரித்து, பிறகு எல்லாரும் போனபிறகு சட்டி பானை கழுவுகிறது அம்மாவும் சித்தியும். மாமாமார் வாசலில் நின்று "கெதியா, கெதியா" என்று சத்தம் போடுகிறார்கள். பகிடி பண்ண ஆள் வேணுமென்றால் அங்கே இருந்து தொடங்குங்கோ.

பகிடியை விட்டுக் கோபப்பட வேணுமென்றால் அதற்கும் இடம் இருக்கு. வெள்ளவத்தையில் கடற்கரையோடு ஒரு ரயில் பாதை ஓடுகிறது. புத்தளம் பாதை ரயில் கட்டுநாயக்காவைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஆனாலும் வெள்ளவத்தையில் ஏறி முனையத்தின் வாசலில் இறங்க ஒரு ரயில் இல்லை. முப்பது கிலோ சூட்கேஸ் இரண்டோடு இரவு பஸ் மாறி ஏற ஏலாதவர் வேனுக்குக் காசு கட்டவேண்டும். ஜப்பான் கடனில் தொடங்கின இரண்டாவது முனையம், 2022-இல் நாடு கடன் கட்டாமல் நின்றபோது பாதியில் நின்றது. அதனால்தான் அந்த நெரிசல். "மூன்று மணித்தியாலம் முந்தி வாங்கோ" என்று சொல்கிறவர்கள், அந்த மூன்றும் எங்கே போகிறது என்று ஒருநாளும் கணக்குக் காட்டுவதில்லை. எந்த நேரத்தில் எந்தக் கியூ எவ்வளவு நீளம் என்று தினமும் வெளியிடட்டும். இரவில் நம்பி ஏறக்கூடிய, பெட்டி வைக்க இடமுள்ள ஒரு பஸ்ஸை காலி வீதியில் விடட்டும். அந்த நிச்சயம் கிடைக்கும்வரை, நிச்சயமில்லாததின் முழுப் பாரத்தையும் சனம் தன்னுடைய நித்திரையில் இருந்துதான் கட்டும்.

அதுவரைக்கும் ஒரு சின்னக் கணக்கு. கவுண்டர் பூட்டுகிற நேரத்தில் இருந்து பின்னுக்கு வாங்கோ. வாசல் சோதனைக்கும் கவுண்டர் கியூவுக்கும் ஒன்றரை மணித்தியாலம். அதிவேகப் பாதைக்கு அரை. நகரத்துக்கு, இரவென்றால் அரை, ஒபிஸ் நேரமென்றால் ஒன்றரை. மழைக்கும் ரயருக்கும் இன்னொரு அரை. இரவு இரண்டு மணிப் பிளைட்டுக்கு வெள்ளவத்தையில் இருந்து பத்து மணிக்கு வெளிக்கிட்டால் காணும், எட்டு மணிக்கு வேண்டாம். பின்னேரம் எட்டு மணிப் பிளைட்டுக்கு மூன்று மணிக்கே வெளிக்கிடவேண்டும், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

அடுத்தமுறை வீட்டில் "வெளிக்கிடு" என்று சத்தம் கேட்டால் போனில் வீடியோ எடுக்க முதல் இரண்டு கேள்வி கேளுங்கோ: கவுண்டர் எத்தனை மணிக்குப் பூட்டும், இந்தப் பிளைட்டை விட்டால் என்ன போகும்? பதிலைக் கேட்டுவிட்டு, சூட்கேஸை ஒரு பக்கம் தூக்குங்கோ.