கப்பல் மாறினா கடல் மாறுமா?

போன வாரம் ஒரு கேட்டரிங் காலேஜ் விழாவுக்குப் போயிருந்தேன். மைக்கைப் பிடிச்சு பேசி முடிச்சிட்டு கேன்டீன்ல டீ குடிச்சிட்டிருந்தப்ப, ஃபைனல் இயர் பையன் ஒருத்தன் தயங்கித் தயங்கி பக்கத்துல வந்தான்.

"சார், எங்க சீனியர் ஒரு குரூஸ் கப்பல்ல முதல் கான்ட்ராக்ட் முடிச்சிட்டு ஊருக்கு வந்திருக்கார். இப்ப வேற கம்பெனியில கூப்பிடறாங்களாம். சம்பளம் ஜாஸ்தியாம். போகலாமா வேணாமானு என்கிட்ட கேட்கறார். நான் மெரினாவுல படகுலகூட ஏறினதில்ல சார்... என்னத்தச் சொல்றது?"

நியாயமான கேள்வி. ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கிற உங்கள்ல பாதிப் பேருக்குக் கப்பல் கனவு உண்டுன்னு எனக்குத் தெரியும். முதல் கம்பெனியை நாம தேர்ந்தெடுக்கிறதில்ல பாஸ். எவன் இன்டர்வியூவுக்கு முதல்ல வந்தானோ, அவன் கப்பல்ல ஏறிடுவோம். ரெண்டாவது கம்பெனிதான் நாம யோசிச்சு எடுக்கிற முடிவு. நான் ரெண்டு கம்பெனி சோறு தின்னவன். அதனால இந்த வாரம் அந்தக் கதை.

முதல்ல ஒரு ஜாதகம் சொல்றேன். 2022 ஜூன்ல சென்னைத் துறைமுகத்துல இருந்து ‘எம்ப்ரஸ்’னு ஒரு சொகுசுக் கப்பல் கிளம்பினது ஞாபகம் இருக்கா? கோர்டிலியா கம்பெனிக் கப்பல். அது 1990-ல ‘நார்டிக் எம்ப்ரஸ்’னு பிறந்தது. 2004-ல ராயல் கரீபியன் அதுக்கு ‘எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்’னு பேர் மாத்தினாங்க. 2008-ல ஸ்பெயின் நாட்டு புல்மன்டூர் கம்பெனிக்குப் போய் வெறும் ‘எம்ப்ரஸ்’ ஆச்சு. 2016-ல மறுபடி ராயல் கரீபியன். 2021-ல நம்ம ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்தது. அதே இரும்பு, அதே மாடிப்படி. ஆனா அமெரிக்கர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கே டின்னருக்கு உட்கார்ற கப்பல் வேற, ராத்திரி வெகு நேரம் கழிச்சுச் சாப்பிடற ஸ்பெயின்காரங்க கப்பல் வேற, ஜெயின் சாப்பாடு தனியா கேட்கிற நம்மாளுங்க கப்பல் வேற. கம்பெனி மாறினா என்ன மாறும்னு கேட்டா, இரும்பைத் தவிர எல்லாமே மாறும்.

என் கதைக்கு வர்றேன். முதல் கம்பெனியில எனக்குப் பழைய பாணி டைனிங் ரூம். ரெண்டு சிட்டிங். ஆறு மணிக்கு ஒரு கூட்டம், எட்டரைக்கு இன்னொரு கூட்டம். ஏழு நாளும் அதே மேஜையில அதே ஆளுங்க. மூணாவது நாள், தாத்தாவுக்கு ஐஸ் இல்லாத தண்ணி, பாட்டிக்கு டீகாஃப் காபின்னு கேட்காமலே போய்ச் சேரும். கடைசி ராத்திரி அந்தப் பாட்டி என் கையைப் பிடிச்சு ஒரு கவர் வைப்பாங்க பாருங்க... உள்ள எவ்வளவுன்னு எண்ணிப் பார்க்கிறதுக்கு முன்னாடியே கண்ணு கலங்கிடும்.

ரெண்டாவது கம்பெனியில அந்த மேஜையே இல்ல. யார் வேணும்னாலும், எப்ப வேணும்னாலும், எந்த ரெஸ்டாரன்ட்ல வேணும்னாலும் சாப்பிடலாம். இந்த வழக்கத்தை 2000-ல நார்வீஜியன் கம்பெனி ‘ஃப்ரீஸ்டைல்’னு பேர் வெச்சு ஆரம்பிச்சது. அப்புறம் மத்தவங்களும் ஆளுக்கொரு பேர்ல கொண்டுவந்துட்டாங்க. பயணிக்கு சுகம். வெயிட்டருக்கு? இன்னிக்குப் பார்த்த முகத்தை நாளைக்குப் பார்க்க மாட்டோம். சரவண பவன் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் மாதிரி ஓடிட்டே இருக்கணும். என் அஸ்திரமே ஞாபகசக்திதான். அது அங்க செல்லாக்காசு.

டிஸ்னியில இன்னொரு ரகம். 1998-ல அவங்க முதல் கப்பல் வந்ததுல இருந்தே, பயணிகள் தினம் ஒரு டைனிங் ரூமா மாறுவாங்க, வெயிட்டரும் அவங்க கூடவே மாறிப் போவார். ஹாலைவிட மனுஷங்களைத் தெரிஞ்சு வெச்சுக்கிறவனுக்கு லட்டு மாதிரி. கியூனார்டு கப்பல்ல எந்தக் கேபின்ல தங்கறாங்களோ அதைப் பொறுத்துத்தான் எந்த ரெஸ்டாரன்ட்னே முடிவாகும். அங்க கோட்டு சூட்டு, பேச்சு, நடை எல்லாத்துக்கும் ஒரு பழைய பிரிட்டிஷ் மிடுக்கு வேணும். ஆக, சீனியர் முதல்ல கேட்க வேண்டியது "சம்பளம் எவ்வளவு?" இல்ல. "அங்க டின்னர் எப்படி நடக்கும்?"

அடுத்தது துட்டு மேட்டர். பல அமெரிக்க கம்பெனிகள்ல டிப்ஸ் தானாவே பயணி கணக்குல ஏறிடும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16-ல இருந்து 20 டாலர் வரைக்கும் வழக்கம். அது டைனிங், ஹவுஸ்கீப்பிங்னு பல பேருக்குப் பிரியும். சில கம்பெனியில பயணி கவுன்டருக்குப் போய் "எடுத்துடுங்க"ன்னு சொன்னா எடுத்துடுவாங்க. வயித்தெரிச்சல்! பிரிட்டன்ல பி அண்ட் ஓ கம்பெனி 2019-ல அந்தத் தினசரி டிப்ஸையே நிறுத்திட்டாங்க. அதனால ‘மாசம் இவ்வளவு டாலர்’னு ஒருத்தர் சொன்னா, அது கட்டாயம் வர்ற சம்பளமா, டிப்ஸையும் சேர்த்த உத்தேசக் கணக்கான்னு பிரிச்சுக் கேளுங்க. எனக்குப் பெரிய நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. கப்பல் நிரம்பி வழியற சீசன் கணக்கு அது. சீசன் போனதும் நம்பரும் போயிடுச்சு.

இதைவிட அடி வாங்கினது பதவியில. நான் அங்க வெயிட்டர். புதுக் கம்பெனியில போய் இறங்கினா, என் பேட்ஜ்ல ‘அசிஸ்டென்ட்’! விசாரிச்சா, "எங்க ஸ்டைல் உனக்குத் தெரியாதே, ஆறு மாசம் பார்ப்போம்" என்றார் மேலதிகாரி. என் கேபின்ல ஒரு தூத்துக்குடிக்காரர், பத்து வருஷ சர்வீஸ். "ஏல, நீ அங்க ராசாவா இருந்திருக்கலாம்ல. இங்க வந்தா நீ புதுசுதாம்ல" என்று சிரித்தார். தப்பு என்னோடதுதான். ஒப்பந்தத்துல பதவின்னு போட்டிருந்த வரியை நான் படிக்கவே இல்ல. சம்பள வரியை மட்டும் நாலு தரம் படிச்சேன்.

கிச்சனுக்குள்ள போனா மட்டும் கொஞ்சம் ஆறுதல். கப்பல்ல அதுக்கு ‘கேலி’ன்னு பேர், சிரிக்காதீங்க. அமெரிக்கத் துறைமுகத்துக்கு வெளிநாடு தொட்டு வந்து போற கப்பல்னா, எந்தக் கம்பெனியா இருந்தாலும் அந்த நாட்டு சுகாதாரத்துறை ஆளுங்க திடீர்னு ஏறி சோதிப்பாங்க. நூறுக்கு மார்க். 85 எடுத்தாலும் ஃபெயில்! குளிர்ச்சியா வைக்கிறது 5 டிகிரிக்குள்ள, சூடா வைக்கிறது 57 டிகிரிக்கு மேல. மேஜை துடைக்கிறதுக்குக்கூட கழுவ, அலச, கிருமி கொல்லன்னு தனித்தனி வாளி. ஒரு இடத்துல இதை ஒழுங்கா கத்துக்கிட்டா எங்க போனாலும் சோறு போடும். அரியர் வெச்சவனையும் தெர்மாமீட்டர் காப்பாத்தும்.

ஆனா கம்பெனி மாறும்போது நிஜமாவே பயப்பட வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. அதை யாரும் சொல்றதில்ல.

புதுக் கப்பல்ல எனக்கு ரெண்டாவது வாரம். டின்னர் நேரம். வயசான ஒருத்தர் நாற்காலியில இருந்து அப்படியே சரிஞ்சார். அவர் மனைவி போட்ட சத்தம் இன்னும் காதுல கேட்குது. சுவத்து போனை எடுத்து எமர்ஜென்சி நம்பரை அழுத்தினேன். எடுத்தது ஹவுஸ்கீப்பிங் பொண்ணு! நான் அழுத்தினது பழைய கம்பெனி நம்பர். விரலுக்கு அது பழகிப் போச்சு. பதறிப் போய், "ஆல்ஃபா, ஆல்ஃபா"ன்னு கத்தறேன். பழைய கப்பல்ல மருத்துவ அவசரத்துக்கு அதுதான் வார்த்தை. புதுக் கப்பல்ல ‘பிரைட் ஸ்டார்’. அந்தப் பொண்ணு, "யெஸ் சார், என்ன வேணும் சார்?" என்கிறாள் பாவம். பக்கத்து ஸ்டேஷன் பையன் என் கையில இருந்து போனைப் பிடுங்கி சரியான நம்பரை அடிச்சான். போனது அரை நிமிஷம்கூட இருக்காது. பெரியவருக்கு சாதாரண மயக்கம்தான், அடுத்த நாள் காலையில பஃபேல தட்டோட நின்னார். ஆனா அது மயக்கமா இல்லாம இருந்திருந்தா? அந்த அரை நிமிஷத்தை நான் எந்தக் கணக்குல எழுதறது?

அன்னிக்கு ராத்திரி சேஃப்டி ஆபீசர் என்னைத் திட்டல. கப்பல்ல ஏறின அன்னிக்குக் கொடுத்த சின்ன அட்டையைக் கேட்டார். என் டிராயர்ல பத்திரமா இருந்தது. "பாக்கெட்ல இருக்கணும்" என்று மட்டும் சொல்லிட்டுப் போனார்.

ஏழு தடவை சின்னதா, ஒரு தடவை நீளமா ஹாரன் அடிச்சா பொது அபாயம். இது உலகம் முழுக்க ஒண்ணுதான். 2012 ஜனவரியில இத்தாலி பக்கம் கோஸ்டா கன்கார்டியா பாறையில மோதி 32 பேர் செத்தாங்க. புதுசா ஏறின பயணிகளுக்குப் பயிற்சியே நடக்காத நேரம் அது. அதுக்கப்புறம்தான் கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ பயணிகளைக் கூட்டிச் சொல்லியாகணும்னு சர்வதேச விதி வந்தது. ஆனா ஹாரன் அடிக்கிறதுக்கு முன்னாடி, பயணிக்குப் புரியக் கூடாதுன்னு ஊழியர்களுக்குள்ள சொல்லிக்கிற சங்கேத வார்த்தைகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நீங்க நிக்க வேண்டிய இடம், பிடிக்க வேண்டிய கயிறு, போட வேண்டிய நம்பர் எல்லாம் மாறும். பழசை மறக்கிறதுதான் புதுசைக் கத்துக்கிறதைவிடக் கஷ்டம். ஏறின முதல் ராத்திரி தூங்காம அந்த அட்டையைப் படிங்க.

இனி ஏஜென்ட் புராணம். நல்லா காதுல வாங்கிக்கங்க. கடல் தொழிலாளர் உடன்படிக்கைன்னு ஒண்ணு 2006-ல வந்தது. இந்தியாவும் 2015-ல கையெழுத்துப் போட்டாச்சு. அதுப்படி வேலை வாங்கித் தர்றதுக்கு உங்ககிட்ட காசு வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், மெடிக்கல் சர்டிஃபிகேட், சீமேன் புத்தகம், இதுக்கு ஆகிற செலவு உங்களோடது. விசா செலவு கப்பல் முதலாளியோடது. ஆள் எடுக்கிற ஏஜென்சிக்கு டி.ஜி. ஷிப்பிங் கொடுத்த ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் இருக்கணும். நம்பரைக் கேட்டு, அவங்க பட்டியல்ல இருக்கான்னு நீங்களே பார்க்கலாம். என்கூட இருந்த ஒரு பையன் அக்கா நகையை அடகு வெச்சு ஒருத்தர்கிட்ட பணம் கொடுத்திருந்தான். முதல் கான்ட்ராக்ட் முழுக்க அந்த நகைக்காகவே தட்டு தூக்கினான்.

அதே உடன்படிக்கையில ஓய்வுக் கணக்கும் இருக்கு. 24 மணி நேரத்துல குறைஞ்சது 10 மணி நேரம், ஏழு நாள்ல 77 மணி நேரம் ஓய்வு. அந்தப் பத்தை ரெண்டு துண்டுக்கு மேல உடைக்கக் கூடாது, ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்கணும். இது எல்லாக் கம்பெனிக்கும் ஒண்ணுதான். காகிதத்துல அப்படி எழுதி, நிஜத்துல வேற மாதிரி நடத்தற இடமும் உண்டு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.

இன்னொண்ணு, கணக்கு சம்பந்தப்பட்டது. கம்பெனி மாறினா இடைவெளி நீளும். இன்டர்வியூ, மெடிக்கல், விசான்னு நாலஞ்சு மாசம் வீட்ல உட்கார வேண்டியிருக்கும். அந்த மாசங்களுக்குச் சம்பளம் கிடையாது. அதோட, ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும் 182 நாளோ அதுக்கு மேலயோ இந்தியாவுல இருந்துட்டா அந்த வருஷம் வருமான வரிக்கு நீங்க என்.ஆர்.ஐ. கிடையாது. தீபாவளியும் பொங்கலும் சேர்த்துப் பார்த்துட்டுப் போலாம்னு நினைக்கிறப்ப இந்த நம்பர் ஞாபகம் இருக்கட்டும். ஒரு ஆடிட்டர்கிட்ட போய் உட்கார்ந்துடுங்க.

இவ்வளவும் சொல்லிட்டு, போகாதீங்கன்னு சொல்றேனா? இல்லவே இல்ல. அந்த ரெண்டாவது கப்பல்லதான் நான் ஒயின் கத்துக்கிட்டேன், கொஞ்சம் இத்தாலியன் பேசினேன். முதல் கம்பெனியிலயே இருந்திருந்தா பாட்டிகளுக்கு டீகாஃப் ஊத்திக்கிட்டே ரிட்டயர் ஆகியிருப்பேன். ஒன்பதாவது மாசம் ‘அசிஸ்டென்ட்’ பேட்ஜும் போச்சு.

கேன்டீன் பையன்கிட்ட என் நம்பரைக் கொடுத்து, சீனியரைப் பேசச் சொன்னேன். அன்னிக்கு ராத்திரியே கூப்பிட்டார். நல்ல துடிப்பான குரல். "சார், நாளைக்குள்ள சைன் பண்ணணும்கிறாங்க."

"சரி தம்பி, ஆஃபர் லெட்டர்ல என்ன பதவின்னு போட்டிருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. காகிதம் புரட்டற சத்தம் மட்டும் கேட்டது.

"பார்த்துட்டுக் கூப்பிடறேன் சார்."

இன்னும் கூப்பிடல.