தாயின்மேல் பழியா?

தோட்டத்துச் சிறுவன் ஒருவன். எழுத்துக் கூட்ட இடர்ப்படுகிறான். ஆசிரியரின் முகத்தை நேரே நோக்கக் கூசுகிறான். சந்தடி எழுந்தால் காதைப் பொத்திக்கொள்கிறான். சோம்பேறி என்கிறது பள்ளிக்கூடம்; செய்வினை என்கிறது லயம். "எல்லாம் உன் வயிற்றுக் கோளாறு" என்று மருமகளைக் குத்துகிறாள் மாமியார். மலையேறிக் கொழுந்தெடுத்துக் களைத்துவரும் தாய்க்குக் கூடையினும் பாரம் இச்சொல். பதுளைப் பகுதி வாசகர்களே, இப்பழி முறைதானா என்று சற்றே ஆராய்வோம்.

கற்றற் குறைபாட்டுக்குக் காரணங்கள் பல. பரம்பரையாக வருவனவற்றுள் முக்கியமானது 'பிரஜைல் எக்ஸ்' என்பது. 1943ஆம் ஆண்டில் மார்ட்டின், பெல் என்னும் பிரித்தானிய ஆய்வாளர் இருவர், ஒரே குடும்பத்தில் ஆண்கள் 11 பேர் இவ்வாறு குறையுற்றிருந்ததை எழுதினர். காரணமான பரம்பரை அலகு 1991இல் கண்டறியப்பட்டது.

எக்ஸ் நிறமூர்த்தத்தில் ஒரு சிறு வாசகம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டுள்ளது. பெரும்பாலோரிடம் அது 45 தடவைக்குக் குறைவு. 55 முதல் 200 வரை உள்ளோர் கல்வியில் பெரும்பாலும் குறையின்றியே விளங்குவர். ஆயினும் தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்கையில் அது நீண்டுவிடக்கூடும். 200ஐக் கடந்தால் அவ்வலகு செயலற்றுப்போய், மூளைக்கு வேண்டிய புரதமொன்று உண்டாவதில்லை. ஆண்பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றே. ஆதலின் அவனைக் கடிதாகத் தாக்கும். பெண்ணுக்கு இரண்டு உண்டு. பெரும்பாலும் பாதிப்புக் குறைவு.

"தாய்வழி வந்ததுதானே?" என்பீர்கள். அத்தாய்க்கு அதைத் தந்தவர் அவளுடைய தந்தையாகவும் இருக்கலாம். தந்தையின் எக்ஸ் மகள்மார் அனைவருக்கும் செல்லும், மகன்மாருக்குச் செல்லாது. தாத்தா நன்றாக வாழ்ந்திருக்க, குறை பேரனிடம் வெளிப்படுகிறது. இதை யாரும் விரும்பிக் கொடுத்ததில்லை. யாரைக் குற்றம் கூறுவது?

அடியோடு தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் பேச்சுப் பயிற்சியும், படங்காட்டிப் போதித்தலும், நாள்தோறும் மாறாத ஒழுங்கும் பெரிதும் உதவும். ஐயம் தோன்றின் பதுளைப் பெரியாஸ்பத்திரியில் குழந்தை வைத்தியரிடம் காட்டுக. குருதிச் சோதனை உண்மையை உணர்த்தும். பரம்பரைபற்றி ஆலோசனை வழங்கக் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் தனிப் பிரிவு உண்டு. முடிவு தெரிந்தபின் தாயின் சகோதரிகளுக்கும் சொல்லிவைப்பது நலம். அவர்களும் இதைத் தாங்கியிருக்கக்கூடும்.

இறுதியாக ஒன்று. பிள்ளையோடு பதுளைக்குப் பஸ் ஏறும் நாளில் தாயைத் தனியே அனுப்பாதீர்கள். தந்தையும் உடன் செல்லட்டும்; இயலுமாயின் மாமியாரும் செல்லட்டும். வைத்தியர் கூறுவதை அவரும் கேட்டுவந்தால், அந்த வீட்டில் பாதி நோய் அன்றே தீரும்.