தெருவும் கலையும்

படம் வரைக என்று பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்தால், பலரும் வரைவது ஒரே படந்தான். இரண்டு மலைகள், அவற்றின் நடுவே கதிரவன், அடியில் ஓர் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை. மலையையே காணாத நகரத்துப் பிள்ளையும் இதனையே வரைகின்றது. அப்பிள்ளையின் வீட்டு வாயிலில் தள்ளுவண்டி நிற்கும்; எதிர் மாடியில் துணி உலரும்; மின்கம்பியில் அறுந்த பட்டம் தொங்கும். அவற்றுள் ஒன்றும் தாளில் ஏறுவதில்லை. அழகு எங்கோ தொலைவில் உள்ளது, நாம் வாழும் தெருவில் இல்லை என்னும் எண்ணம் இளமையிலேயே வேரூன்றிவிடுகின்றது. இவ்வெண்ணம் கலைக்குப் பகை. பிறர் வரைந்ததைப் படியெடுப்பவனுக்குக் கை பழகலாம், கண் பழகாது.

நம் பழம்புலவர் இவ்வாறு எண்ணினாரல்லர். பத்துப்பாட்டுள் மிக நீண்டது மதுரைக்காஞ்சி. 782 அடிகள் கொண்ட அப்பாட்டை இயற்றிய மாங்குடி மருதனார், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்தப் புகுந்தவர். ஆயினும், மதுரையின் தெருக்களைக் கண்டதும் அவர் நடை தளர்கின்றது; ஒவ்வொன்றாக நின்று நோக்குகின்றார். சங்கை அறுத்து வளை செய்வார், மணிகளுக்குத் துளையிடுவார், பொன்னை உரைத்துப் பார்ப்பார், பூவும் வெற்றிலையும் சுண்ணாம்பும் விற்பார் எனப் பலரும் அவர் பாட்டில் இடம்பெறுகின்றனர். இரவு வந்த பின்னும் புலவர் வீடு திரும்பவில்லை. கடைகள் அடைபட்டபின் அடை விற்கும் வணிகர் அயர்ந்து உறங்குகின்றனர். நூலேணியோடு கள்வர் ஒளிந்து திரிகின்றனர். காவலர் அவர்களைத் தேடி வருகின்றனர். களைத்து உறங்கும் அடை வணிகரை அரண்மனையில் இருந்தபடி யாரேனும் கற்பனை செய்திருக்க இயலுமா? அத்தெருவில் நள்ளிரவில் நடந்த கால்களே அதனை அறியும் என்பது என் துணிபு.

அந்நகரத்து ஓவியரை அவர் கண்ணுள் வினைஞர் என்று அழைக்கின்றார். காண்பவர் கண்ணிலே தம் தொழிலை நிறுத்துவோர் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதற்குப் பொருள் கூறுவர். அவ்வோவியருக்குப் புலவர் தரும் சிறப்பு, நுட்பமாக உணர்ந்து ஊடுருவும் பார்வை உடையவர் என்பதாகும். கைவன்மையினும் பார்வையையே முதலாவதாக மதித்தார் போலும்!

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஆங்கில நாவலாசிரியர் சார்லசு டிக்கன்சு 1824-இல், தம் 12-ஆம் வயதில், தந்தையார் கடனில் சிக்கியிருந்தமையால் காலணிமை செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சென்றார். அச்சிறுவன் நடந்த இலண்டன் தெருக்களே பின்னாளில் அவர் நாவல்களில் எழுந்து நின்றன. உறக்கம் வாராத இரவுகளில் அந்நகரில் நடந்து திரிந்ததைப் பற்றி 1860-இல் ஒரு கட்டுரையும் எழுதினார்.

மதுரைக்கே திரும்புவோம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி எனத் தெருக்கள் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்துள்ளன. மாசி வீதியிலே நின்று, சித்திரைத் தேர் இங்கு ஓடுவது ஏன் என்று வினவுவோர் எத்தனை பேர்? மாசியில் நடந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பர். விழா இடம்பெயர்ந்தது, வீதி பெயர் மாறவில்லை. வெளி வீதிகளில் நடப்பவர் பழைய கோட்டையின் அகழி மேல் நடக்கின்றனர். 1840-களில், ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில், கோட்டைச் சுவர்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அப்பணியில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகிய இருவர் பெயரும் அருகில் உள்ள வீதிகளுக்கு இன்றும் வழங்குகின்றன. கதை எழுத விரும்பும் மாணவனுக்கு இப்பெயர்ப் பலகைகள் போதாவா? ஓவியம் பயில்வோருக்கோ, மல்லிகையை நாரில் தொடுக்கும் விரல்கள் உள்ளன. சுங்குடிச் சேலைக்காகத் துணியில் சிறு சிறு முடிச்சுகள் இட்டுச் சாயத்தில் தோய்க்கும் தொழில் உள்ளது. முடிச்சை அவிழ்த்த இடமெல்லாம் புள்ளியாகப் பூக்கும்.

ஆனால், விரைந்து நடப்பவனுக்குத் தெரு எதனையும் தருவதில்லை. கையடக்கப் பேசியால் நூறு படங்கள் எடுத்துத் திரும்புபவனும் பெரும்பாலும் வெறுங்கையனே. பார்க்கும் வேலையைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டான். ஒரு தெருவையே காலையிலும் உச்சிப்பொழுதிலும் விளக்கேற்றிய பின்னும் பார்த்தல் வேண்டும். மற்றொன்றும் உண்டு. மூட்டை சுமப்பவர் நம் படத்துக்காக நிற்கும் பொம்மையல்லர். அவரை அண்ணா என்று அழைத்து, இசைவு கேட்டு, இரண்டு சொல் பேசி அறிந்து, பின் வரைவதே முறை. பேசாமல் வரைந்த படத்தில் முதுகு வளைந்திருக்கும். அது ஏன் வளைந்தது என்பது இராது.

இத்துணையும் கூறியபின், மாணவியர் கேட்கக்கூடிய வினா ஒன்று எஞ்சுகின்றது: மாங்குடி மருதனார் போல் நாங்களும் இரவில் நடக்கலாமா? இதற்கு நேர்மையான விடை, நம் தெருக்கள் பலவற்றில் இன்னும் அது எளிதன்று என்பதே. தெருவிளக்கும் நடைபாதையும், பெண்ணை உற்றுநோக்கி இடர் செய்யாத ஆடவர் ஒழுக்கமும் கலையோடு தொடர்பற்றவை என்று எண்ணுதல் தவறு. எழுத்தாளர் வர்சீனியா உல்ஃப் 1927-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், குளிர்கால மாலையில் இலண்டன் தெருக்களைச் சுற்றி வருகின்றார். அவர் சொல்லிக்கொண்ட காரணம் ஒரு பென்சில் வாங்கவேண்டும் என்பது. பென்சிலோடுதான் வீடு திரும்பினார். கட்டுரைக்கு வேண்டியதையோ வழியெல்லாம் கண்டு வந்திருந்தார்.