முதலில் ஒரே ஒரு தொட்டி வையுங்கள்

பனியன் கம்பெனியில் சாம்பிள் ஓகே ஆகாமல் யாரும் துணியில் கத்தி வைக்க மாட்டார்கள். கட்டிங் மாஸ்டராக நான் நின்ற மேசையில் அதுதான் சட்டம். ஒரு பீஸ் தைத்து, அளவு பார்த்து, துவைத்துப் பார்த்து, பையர் சரி என்ற பிறகே பல்க். பூங்காவுக்குக் குப்பைத்தொட்டி வாங்கும்போது மட்டும் படத்தைப் பார்த்து மொத்தமாக ஆர்டர் போட்டுவிடுகிறார்கள்.

பென்குவின் தொட்டியைப் பார்க்காத தமிழர் உண்டா? ஃபைபர் உடம்பு, பிளந்த வாய், வயிற்றில் 'யூஸ் மீ'. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மறுக்கவில்லை. அந்த வாயில் டீ கப் போகும். பிரியாணி டப்பா போகாது. டப்பா காலடியில் விழும், நாய் இழுத்துப் போகும். அந்த வாய்க்குள்ளேயே கையை விட்டு அள்ளுகிற தூய்மைப் பணியாளரைப் பார்த்திருக்கிறேன். உள்ளே உடைந்த பாட்டில் கிடந்தால் என்ன ஆவது?

அடுத்து வந்தது கம்பத்தில் தொங்கும் ஸ்டீல் இரட்டைத் தொட்டி. கவிழ்த்தால் காலி. நல்ல யோசனைதான், தாழ்ப்பாள் உடைகிற வரைக்கும். உடைந்த பிறகு அது தலைகீழாகவே தொங்கும்.

எங்கள் அவிநாசியில் பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. செவ்வாய்க்கிழமை பாதிகூட நிரம்பாத பூங்காத் தொட்டி, ஞாயிறு சாயங்காலம் விளக்குப் போடும் முன்பே வழிகிறது. எத்தனை தொட்டி என்பதை ஞாயிற்றுக்கிழமையை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

சரி, வாயைப் பெரிதாக்கிவிடலாமா? ஆக்கினால் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக் குப்பை மூட்டையும் கட்டிங் வேஸ்ட்டும் அதில்தான் வந்து விழும். டப்பா போக வேண்டும், மூட்டை போகக் கூடாது. என் கணக்கில் ஒன்பது அங்குல வட்டம் போதும். இளநீர்க் கூடு நாலு விழுந்தாலே தொட்டி கனத்துவிடும். அது வியாபாரியின் பொறுப்பு. தெருவோர வியாபாரிகள் தங்கள் குப்பைக்குத் தாங்களே கூடை வைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள்.

இனி காலி செய்யும் வழி. பாரிஸில் 1995 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மூடிய தொட்டிகளை எடுத்துவிட்டு, ஒரு வளையமும் அதில் உள்ளே இருப்பது தெரிகிற பையும் மாட்டினார்கள். பாதுகாப்புக்காகச் செய்ததுதான். ஆனாலும் பையைக் கழற்றி வேறு மாட்டினால் வேலை முடிந்தது, கை உள்ளே போக வேண்டியதில்லை. நம் ஊர் நாயும் காக்கையும் வெறும் பையை விட்டுவைக்காது. எனவே சுற்றிலும் கம்பிவலைக் கூண்டு, மேலே தகர மூடி, முன்பக்கம் ஒரு கதவு. மழைத்தண்ணீர் தேங்காது, டெங்கு கொசுவுக்கு இடமில்லை. பக்கத்து வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம், உடைந்தால் அங்கேயே பற்றவைத்தும் கொள்ளலாம்.

அப்படி ஒன்றைச் செய்து, சித்திரைத் தேர்க் கூட்டம் முடிகிற வரை பூங்காவில் வையுங்கள். அப்ரூவல் தர வேண்டியவர் அதைத் தினமும் காலி செய்யும் பணியாளர். அவர் சரி என்ற பிறகு டெண்டர் விடுங்கள். தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும் உதிரி தர வேண்டும் என்று அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.