குறுக்குவெட்டுப் படமும் செட்டிநாட்டு வீடும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குத் தூண்களும், செதுக்கிய நிலைகளும், பித்தளைப் பூட்டுகளும் விலைக்குக் கிடைக்கின்றன. இடிந்த வீடுகளும் இடிக்கப்பட்ட வீடுகளுமே இந்தச் சரக்கின் பிறப்பிடம் என்பது அவ்வூரார் அறிந்த விஷயம். 2014-ஆம் ஆண்டில் செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. பட்டியலில் பெயர் ஏறியதால் கடப்பாறை ஓய்ந்துவிடவில்லை. பங்காளிகள் பலருக்குப் பாத்தியமான வீட்டைச் செப்பனிடுவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆகவே எல்லா வீடுகளையும் காப்பாற்றியே தீர வேண்டுமென்று நாம் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒரு வீடு விழுவதற்கு முன் அதன் உள்ளமைப்பையாவது அளந்து எழுதி வைக்க வேண்டாமா?

போட்டோ பிடித்து வைத்தால் போதுமே எனச் சிலர் கூறலாம். போதாதென்பதே நமது அபிப்பிராயம். தெருவில் நின்று பிடித்த போட்டோவில் முகப்பின் சுதைச் சிற்பம் தெரியும். தள வரைபடத்தில் அறைகளின் நீள அகலம் தெரியும். வளவுக்குள் வெயில் எவ்வளவு தூரம் இறங்குகிறது, சூடேறிய காற்று எவ்வழியே மேலே போகிறது, நாட்டு ஓட்டுக் கூரையின் சரிவிலிருந்து மழைநீர் எந்த உயரத்திலிருந்து முற்றத்தில் விழுகிறது, தெருவுக்கு மேல் தரை எத்தனை அடி உயர்ந்திருக்கிறது என்பவற்றை ஒருங்கே காட்டுவது குறுக்குவெட்டுப் படம் ஒன்றே.

இப்படத்தின் தத்துவம் நமது அடுப்படிகளில் அன்றாடம் நிகழ்வதுதான். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் அறை அறையாகப் பிரிந்த சக்கரம் தெரிகிறது. நெடுகப் பிளந்தாலோ விதைகள் வரிசையாய் நிற்கின்றன. காய் ஒன்றே, வெட்டிய இடமும் பார்த்த திசையும் வேறு. இதனாலேயே வரைபடத்தில் வெட்டுக் கோட்டின் இரு முனைகளிலும் எழுத்திட்டு, பார்க்கும் திசைக்கு அம்புக் குறி போடுகிறார்கள். வாள் பட்ட கெட்டிப் பகுதிக்கு மட்டும், பெரும்பாலும் 45 பாகைச் சாய்வில், மெல்லிய கோடுகள் இடப்படும். வெற்றிடத்துக்குக் கோடு கிடையாது. வெட்டுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளை விடாமல் வரைய வேண்டும். மாணவர்களிற் பலர் இடறுவது இவ்விரண்டிலுந்தான்: வெற்றிடத்திலும் கோடு இழுப்பார்கள், அப்பாலுள்ளதை மறப்பார்கள். பொருளைக் கண்ணாற் காணாமல் விதியை மட்டும் உருப்போட்டால் வேறென்ன நேரும்?

பிரெஞ்சு அறிஞர் மோஞ்சு 18-ஆம் நூற்றாண்டில் வகுத்த வரைகணிதம், கோட்டை கட்டும் உபாயமாகையால் சில காலம் ராணுவ ரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. இன்று அதை மறைப்பார் யாருமில்லை. எனினும் நமது பிள்ளைகளுக்கு அது அந்நிய பாஷையின் பெட்டிக்குள் பூட்டப்பட்டதாகவே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானம், இயந்திரம் ஆகிய இரு பிரிவுகளில் 2010-இல் தமிழ் வழிக் கல்வியைத் தொடங்கியது நல்ல காரியம். பாஷை மாறினாற் போதாது. பாடத்திலுள்ள பொருளும் நம் ஊர்ப் பொருளாக வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த சிமெண்டு மணற் கலவையைத் தூவி, பிறகு ஈரச் சாந்தை வைத்து அழுத்திச் செய்கிறார்கள். உடைந்த கல்லொன்றின் ஓரத்தைப் பார்த்தால் வண்ணம் மேலே மெல்லிய ஏடாகவும் சாந்து கீழே தடிப்பாகவும் தெரியும். அடுத்தடுத்த பொருள்களுக்கு ஏன் கோட்டை வெவ்வேறு விதமாக இடுகிறோம் என்பதை ஒரு மணி நேரப் பிரசங்கத்தைவிட அந்தத் துண்டு நன்றாக விளக்கும்.

அதன் பின்னர் வீட்டுக்கு வரட்டும். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எனத் தெருவிலிருந்து பின் தெரு வரை நீளும் வீட்டில் வெட்டுக் கோட்டை எங்கே போடுவது? தூணை நெடுக வெட்டிக் காட்டுவதிற் பயனில்லை. இரு தூண்களுக்கு நடுவே கோடு செல்ல வேண்டும். முற்றத்தைத் தவறவிட்டால் படமே வீண். நேர்கோட்டில் போனால் மாடிப்படி அகப்படாதென்றால், கோட்டை மடக்கி அதன் வழியே கொண்டு போகலாம். அதற்கு விதி இடங்கொடுக்கிறது. இப்படி யோசித்து முடிவு செய்யும் மாணவன் வெட்டுத் தளம் என்பதைப் பின்னர் எந்த யந்திரத்தின் படத்திலும் சந்தேகமின்றிப் படிப்பான்.

இதற்கு வேண்டியவை வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. கோட்டையூர் வள்ளல் அழகப்பரின் கொடையால் 1952-இல் தோன்றிய பொறியியற் கல்லூரி காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பா பாலிடெக்னிக்கும் இருக்கிறது. முதலாண்டு வரைபட வகுப்பின் செய்முறையாக, ஆண்டுதோறும் சிதிலமான சில வீடுகளை மாணவர் அளந்து, நெடுக ஒன்றும் குறுக்கே ஒன்றுமாக வெட்டுப் படங்கள் வரைய ஏற்பாடு செய்யலாம். அளவு நாடாவும், ஏணியும், தூக்குக்குண்டும் இருந்தாற் போதும். படத்தின் ஒரு பிரதி வீட்டுக்காரரிடமும், ஒன்று கல்லூரி நூலகத்திலும், ஒன்று சர்க்காரின் தொல்லியல் துறையிடமும் இருக்கட்டும். தூண்களை விற்க நிச்சயித்துவிட்ட வீட்டுக்காரர்களையும் நாம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம்: வியாபாரி வண்டியுடன் வரும் நாளைச் சற்றுத் தள்ளி வைத்து, அதற்கு முந்திய வாரம் சாவியை மாணவர்களிடம் கொடுங்கள்.