தலாக் சொன்னாலும் தகப்பன் தகப்பன்தான்

 

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவர் கேட்டிருப்பதால், அவற்றைத் தவிர்த்துக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: எனக்கு நிகாஹ் ஆகிப் பதினொரு வருடம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நாலு வயது. இவர் கட்டாரில் வேலை செய்கிறார். பெருநாளைக்குப் பிறகு காசு அனுப்பவில்லை. போன மாதம் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி, என்னைத் தலாக் சொல்லிவிட்டதாகச் சொன்னார். இப்போது மாமி வீட்டார் ஒரு கடதாசி கொண்டு வந்திருக்கிறார்கள். பிள்ளைகளை நான் வைத்துக்கொள்ளலாமாம். ஆனால் இனிமேல் பிள்ளைகளுக்குச் செலவு கேட்கமாட்டேன் என்று கையொப்பம் வைக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் மகனைக் கூட்டிக்கொண்டு போவார்களாம். என் நாநாவும், "காசு போனால் போகட்டும், பிள்ளைகள் கிடைக்கிறார்களே, வைத்துவிடு" என்கிறார். நான் வீட்டிலிருந்து உடுப்புத் தைத்துக் கொஞ்சம் உழைக்கிறேன். என்ன செய்ய வேண்டும் மௌலவி?

பதில்: சகோதரி, முதலில் ஒரு வார்த்தை. அந்தக் கடதாசியில் கையொப்பம் வைக்காதீர்கள். ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குரல் பதிவில் வந்த தலாக்

இதை மார்க்கம், நாட்டுச் சட்டம் என்ற இரு பக்கத்தாலும் பார்க்க வேண்டும். தெளிவான வார்த்தையால் கணவன் தலாக் சொன்னால் அது மார்க்கத்தில் நிகழ்ந்துவிடும். விளையாட்டுக்குச் சொன்னேன் என்பதும் செல்லாது. ஆனால் சொன்ன வார்த்தை என்ன, ஒரு தலாக்கா மூன்றா, நீங்கள் அப்போது எந்த நிலையில் இருந்தீர்கள் என்பவற்றைப் பொறுத்து விளக்கம் வேறுபடும். ஒரு தலாக் என்றால் இத்தாவுக்குள் அவர் உங்களை மீட்டுக்கொள்ளவும் வழியுண்டு. ஆகவே அந்தக் குரல் பதிவை அழிக்காமல், வந்த தேதியைக் குறித்து வைத்து, உங்கள் பகுதி ஜம்இய்யத்துல் உலமா மூலம் ஃபத்வா கேளுங்கள். இத்தா அவர் சொன்ன நாளிலிருந்து கணக்கிடப்படும் என்பதால் தேதி முக்கியம்.

நாட்டுச் சட்டத்தில், 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் தலாக்குக்கு ஓர் ஒழுங்கை வைத்திருக்கிறது. கணவன் முதலில் காதிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். 30 நாட்களுக்குள் காதியார் உறவினர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் கொண்டு இருவரையும் சேர்த்துவைக்க முயல வேண்டும். அது கைகூடாமல் கணவன் தலாக்கில் உறுதியாக இருந்தால், காதிக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் அதைச் சொல்ல வேண்டும். பிறகுதான் பதிவு. சூரா அந்நிஸாவின் 35ஆவது வசனம் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு மத்தியஸ்தரை அனுப்பச் சொல்கிறது. தொலைபேசியில் ஒரு வார்த்தையை அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ளும் கணவன், அந்த வாசலை அடைத்துவிடுகிறான்.

உங்களுக்கு இதில் ஒரு பயனும் உண்டு. விவாகரத்துப் பதிவாகும் வரைக்கும், இத்தாக் காலத்திலும் உங்களுக்கான தாபரிப்பைக் காதியிடம் கேட்க அச்சட்டம் இடம் தருகிறது. கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை கேட்கலாம். மஹர் பாக்கியிருந்தால் அதையும், உங்கள் வாப்பா கைக்கூலி கொடுத்திருந்தால் அதையும் கேட்கலாம்.

பிள்ளைகள் யாரிடம்?

தன்னை விட்டுப் பிரிந்த கணவன் பிள்ளையைப் பறிக்கப் பார்க்கிறான் என்று ஒரு பெண் முறையிட்டபோது, நீ மறுமணம் செய்யாத வரை உனக்கே உரிமை அதிகம் என்ற கருத்தில் றசூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அபூதாவூதில் இந்த ஹதீஸ் இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில், நல்லது கெட்டது விளங்கும் வயது வரை, அதாவது ஏறக்குறைய ஏழு வயது வரை, பிள்ளை தாயிடம் இருக்கும். அதன் பிறகு பிள்ளையிடமே கேட்கப்படும். வாப்பாவையோ உம்மாவையோ அது தெரிவு செய்யலாம்.

ஆக, உங்கள் மகள் உங்களிடம்தான். மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு வாய் இருக்கிறது. மாமி வீட்டார் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதற்கு மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை. ஒரு விடயத்தை நினைவில் வையுங்கள்: பிள்ளையின் பராமரிப்பு உரிமை காதி நீதிமன்றத்தின் அதிகாரத்தில் இல்லை. அதில் பிணக்கு வந்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே பிள்ளையின் நலனையும் பார்ப்பார்கள்.

அதே நேரம், பிள்ளைகள் வாப்பாவைக் காண்பதையும் அவரோடு பேசுவதையும் நீங்கள் தடுக்கக் கூடாது. பிள்ளையைக் கொண்டு தாயையும் துன்புறுத்தக் கூடாது, தகப்பனையும் துன்புறுத்தக் கூடாது என்பது சூரா அல்பகராவின் 233ஆவது வசனம் தரும் பாடம். அது இரு பக்கத்துக்கும் பொதுவானது.

செலவு யாருடைய உரிமை?

இனி அந்தக் கடதாசிக்கு வருகிறேன். மஹர் உங்கள் சொத்து. நீங்கள் மனம் விரும்பி விட்டுக்கொடுத்தால் அது உங்கள் பெருந்தன்மை. ஆனால் பிள்ளையின் உணவும் உடையும் படிப்பும் மருந்தும் உங்கள் சொத்தல்ல. அவை பிள்ளையின் ஹக்கு. பிள்ளையின் ஹக்கை உம்மா எப்படி மன்னிப்பது? நீங்களே பொறுப்பேற்றுக்கொண்டாலும், நாளைக்கு உங்களால் முடியாமற் போனால் கடமை திரும்பத் தகப்பனிடமே வரும். பிள்ளை உம்மாவிடம் இருப்பதால் வாப்பாவின் பொறுப்புக் கழன்றுவிடுவதில்லை. சூரா அத்தலாக், பிரிந்த மனைவி பிள்ளைக்குப் பாலூட்டினால் அதற்கும் கூலி கொடுக்கச் சொல்கிறது. வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், வசதி குறைந்தவர் அல்லாஹ் கொடுத்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்கிறது.

பிள்ளைகளின் தாபரிப்பைக் கேட்டு நீங்களே காதியிடம் விண்ணப்பிக்கலாம். அந்தச் சட்டப்படி காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஆஜராக முடியாது. உங்கள் வழக்கை நீங்களே சொல்ல வேண்டும். எனவே நிகாஹ் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, அவர் முன்பு காசு அனுப்பிய பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். மாதச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள்: அரிசி, பால்மா, பள்ளிக்கூட வான், கொப்பி, மின்சாரம் என்று ஒவ்வொன்றாக. "கஷ்டமாக இருக்கிறது" என்று அழுவதைவிட அந்தத் தாள் அதிகம் பேசும்.

காதியின் கட்டளைப்படி காசு வராவிட்டால், அது நீதவான் நீதிமன்றம் மூலம் தண்டப்பணத்தைப் போல அறவிடப்படும். தீர்ப்பில் திருப்தியில்லாவிட்டால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குக் காலக்கெடு இருப்பதால் தாமதிக்க வேண்டாம். உங்கள் கணவர் வெளிநாட்டில் இருப்பதால் அழைப்பாணை சேர்வதும் காசு கைக்கு வருவதும் சுணங்கலாம். அதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனாலும் விண்ணப்பத்தைப் பிற்போடாதீர்கள். மனைவியின் செலவு கொடுபடாவிட்டால் அது கணவன் மீது கடனாக நிற்கும். பிள்ளையின் செலவோ, காதியின் தலையீடு இல்லாமல் காலம் கடந்தால் கடனாக நிற்காது என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். நீங்கள் வெட்கப்பட்டுச் சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்குத்தான் நட்டம்.

செலவு கேட்பது வெட்கமா? அபூசுப்யானின் மனைவி ஹிந்த் றழியல்லாஹு அன்ஹா அவர்கள், கணவர் போதியளவு தருவதில்லை என்று நபியவர்களிடமே வந்து சொன்னார்கள். அவர்களை யாரும் கண்டிக்கவில்லை. தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது.

கடைசியாக, இந்தச் சகோதரியின் நாநாவுக்கும், அவரைப் போன்ற நாநாமாருக்கும் ஒரு சொல். தங்கைக்குப் பிரச்சினை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற இரக்கத்தில்தான் நீங்கள் அப்படிச் சொன்னீர்கள் என்பது விளங்குகிறது. ஆனால் அந்த ஒரு கையொப்பத்தோடு ஒன்பது வயதுப் பிள்ளையின் பத்து வருடச் செலவு உங்கள் தங்கையின் தையல் மெஷின் மேல் ஏறும். கடதாசியை நீட்டுகிறவர்களிடம் தங்கையைத் தனியே விடாதீர்கள். காதி நீதிமன்றத்துக்கு அவரோடு நீங்கள் போங்கள். வாசலில் நீங்கள் நிற்பதே அவருக்குப் பெரிய தெம்பு.

கணவன் மனைவி என்ற உறவை ஒரு வார்த்தை முறித்துவிடலாம். வாப்பா பிள்ளை என்ற உறவை முறிக்க எந்த வார்த்தையும் இல்லை. அல்லாஹ் இந்தச் சகோதரியின் கஷ்டத்தை இலேசாக்கி, அவருடைய பிள்ளைகளை ஸாலிஹான பிள்ளைகளாக ஆக்கிவைப்பானாக. ஆமீன்.